ஹூஸ்டன் தோட்டத்தில் ஹம்மிங்பேர்டு: சால்வியாவா, டர்க்ஸ் கேப்பா, ஹமீலியாவா?

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "தேன்சிட்டு மாதிரிதான் இருக்கு, ஆனா உக்காரவே மாட்டேங்குதேடா" என்றார். அதுதான் வித்தியாசம். நம்மூர்த் தேன்சிட்டு பெரும்பாலும் காம்பைப் பிடித்துக்கொண்டுதான் பூவுக்குள் அலகை விடும். ஹம்மிங்பேர்டு அந்தரத்தில் நின்றபடியே குடித்துவிட்டுப் போய்விடும். ஆகவே அதற்காக வைக்கும் செடிக்கு முன்னால் கொஞ்சம் வெட்டவெளி விட்டு நடுங்கள். சுவரோடு ஒட்டி, மற்ற செடிகளோடு நெருக்கியடித்து வைத்தால் பாதிப் பூ வீண்.

டெக்சஸில் எங்கள் ஹூஸ்டன் பக்கம் அதிகம் தென்படுவது ரூபி-த்ரோட்டட் என்கிற ஹம்மிங்பேர்டு வகை. மார்ச், ஏப்ரலில் வடக்கே போகும். ஆகஸ்ட் நடுவில் தொடங்கி அக்டோபர் தொடக்கம் வரை தெற்கே திரும்பும். பெரிய கூட்டம் திரும்பும்போதுதான். வெறும் 3 கிராம் பறவை, தின்று தின்று கிட்டத்தட்ட இருமடங்கு எடையாகிறது. அவற்றில் பல மெக்சிகோ வளைகுடாவை ஒரே மூச்சில் கடக்கும், சுமார் 800 கிலோமீட்டர். அதனால் எந்தச் செடியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, செப்டம்பரில் இது பூக்குமா என்பதுதான்.

நர்சரியில் கேட்டால் முதலில் கையில் கொடுப்பது சால்வியா கிரெகி. இரண்டு மூன்று அடி உயரம், சிவப்புப் பூ, வறட்சி தாங்கும். எல்லாம் உண்மை. ஆனால் அது மேற்கு டெக்சஸின் கல்லுப் பாங்கான பூமிக்காரச் செடி. எங்கள் தெருவில் இருப்பதோ மழை பெய்தால் செருப்பைப் பிடித்து இழுக்கும் களிமண். முதல் வருடம் நட்ட மூன்றில் இரண்டு வேரழுகிப் போயின. மேடு கட்டி, ஜல்லி கலந்து வைத்த பிறகுதான் பிழைத்தன. முழு வெயிலும் வேண்டும். கோடையின் உச்சத்தில் பூ குறையும், வெயில் தணிந்ததும் மறுபடி வரும்.

டர்க்ஸ் கேப் இதற்கு நேர் எதிர். செம்பருத்திக் குடும்பம்தான், ஆனால் பூ விரியவே விரியாது. சுருட்டிய இதழ்களுக்கு நடுவே மகரந்தத் தண்டு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நம்மூரில் மிளகாய்ச் செம்பருத்தி என்று தொங்குமே, அதன் பங்காளி. பறவை அலகை உள்ளே விட்டதும் தண்டு நெற்றியில் இடிக்கும்; மகரந்தப் பொடி அப்பிய நெற்றியோடு அது அடுத்த பூவுக்குப் போவதைப் பார்த்தால், காலையில் விபூதி பூசிக்கொண்டு கிளம்பும் பெரியவர் ஞாபகம் வரும். ஓக் மர நிழல், களிமண், என் சோம்பல், மூன்றையும் தாங்குகிறது. மே மாதத்திலிருந்து குளிர் வரும்வரை பூ. குறை என்றால், ஐந்தடிக்கு மேல் வளர்ந்து பக்கவாட்டிலும் பரவி இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஹமீலியாவைப் பார்த்ததும் அம்மா, "இது நம்ம அபார்ட்மென்ட் வேலியில இருக்கிறதாச்சே" என்றார். ஆமாம், அங்கே தேன்சிட்டு வரும் அதே செடி. பூர்விகம் இந்த அமெரிக்கக் கண்டப் பக்கம். ஆரஞ்சுச் சிவப்பில் குழல் குழலாகப் பூ. வெயில் இருந்தால் செப்டம்பரில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் குளிர் ஆகாது. 2021 பிப்ரவரிப் பனியில் என் செடி தரைவரை கருகிவிட்டது. வேரிலிருந்து மறுபடி கிளம்பியது, பூக்கத்தான் கோடையாகிவிட்டது. மார்ச்சில் வந்த பறவைகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அங்கேதான் நான் திட்டிய சால்வியா மானத்தைக் காப்பாற்றுகிறது. மார்ச்சில் என் தோட்டத்தில் தேன் இருக்கும் ஒரே புதர் அதுதான்.

ஃபிளேம் அகாந்தஸ் என்று இன்னொன்றும் உண்டு. கனகாம்பரத்தின் குடும்பம், நிறம்கூடக் கிட்டத்தட்ட அதேதான். தண்ணீர் ஊற்ற மறப்பவர்களுக்கு ஏற்றது. குளிர்காலத்தில் வெறும் குச்சியாக நிற்கும், வாசலில் வைக்காதீர்கள்.

ஒரே ஒரு செடிக்குத்தான் இடமென்றால் என் ஓட்டு டர்க்ஸ் கேப்புக்கு. இரண்டுக்கு இடமிருந்தால் கூடவே மேடு கட்டி ஒரு சால்வியா. நல்ல வெயில் மூலை மிச்சமிருந்தால் ஹமீலியா. எதை வாங்கினாலும் பூச்சிமருந்து போட்ட செடியா என்று நர்சரியில் கேட்டுவிடுங்கள். சில மருந்துகள் வேர் வழியாகத் தேனுக்குள்ளேயே போய்விடும்.