பிராகில் யூரோ மாற்றினால் ரசீதைத் தொலைக்காதீர்கள்

டிரெஸ்டனில் கிளம்பி எல்பே ஆற்றோரமாகவே சைக்கிள் மிதித்து, மெல்னீக் ஊரில் வல்தாவா வந்து கலக்கும் இடத்தில் அந்த ஆற்றின் கரைக்குத் திரும்பி, ஐந்தாம் நாள் மாலை பிராக் வந்து சேர்ந்தேன். மறுநாள் ஓய்வு. காலோடு சேர்ந்து புத்தியும் படுத்துக்கொண்டது.

ஜெர்மனியில் செலவழித்தது போக யூரோ மிச்சமிருந்தது. செக் நாட்டில் கொருனாதான் பணம். பழைய நகரச் சதுக்கத்துக்குப் போகும் சந்தில் ஒரு கடை, 'கமிஷன் 0%' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. 100 யூரோ நீட்டினேன். ஒரு தாளை நகர்த்திக் கையெழுத்துக் கேட்டார்கள், படிக்காமல் போட்டேன். 1,900 கொருனா வந்தது. அன்றைய மதிப்புக்கு 2,500-க்குச் சற்று முன்பின்னாக வந்திருக்க வேண்டும். கமிஷன் எடுக்கவில்லை என்பது உண்மைதான், மாற்று விலையிலேயே கையை வைத்துவிட்டார்கள். கேட்டதற்கு, "கையெழுத்துப் போட்டாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்றார் கடைக்காரர். நம்பிவிட்டேன். என் பெரிய முட்டாள்தனம் அதுதான்.

மனத்தை ஆற்றிக்கொள்ள 1410-இல் நிறுவிய வானியல் கடிகாரத்தின் முன் நின்றேன். 11 மணிக்கு எலும்புக்கூடு பொம்மை மணியை ஆட்ட, மேலே சன்னலில் இயேசுவின் சீடர்களின் பொம்மைகள் வரிசையாக வந்து போயின. பிறகு பசி. சைக்கிள் பயணியின் பசி ஓய்வு நாளிலும் ஓயாது. சதுக்கத்தில் சுட்ட பன்றித் தொடை இறைச்சி விற்ற தள்ளுகடையில் பலகை விலை மலிவாகத் தெரிந்தது. அது 100 கிராமுக்கான விலை. அவர் வெட்டிய துண்டு அதைப்போல நான்கு மடங்கு. தின்றேன், கொடுத்தேன், சார்லஸ் பாலத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

விடுதிக்குத் திரும்பியபோது மணி இரண்டரை. வரவேற்பில் இருந்த பெண் ரசீதைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். 2019 ஏப்ரல் முதல் அங்கே சட்டம் இருக்கிறது: 1,000 யூரோ மதிப்பு வரை மாற்றியவர், மூன்று மணி நேரத்துக்குள் அதே கடைக்குப் போய்க் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம், கொடுத்த பணம் திரும்ப வரும். என் ரசீதில் அச்சாகியிருந்த நேரம் 10:52. இருந்தும் போனேன். கடைக்காரர் வாயே திறக்கவில்லை, அந்த எண்ணின் மேல் விரலை வைத்தார்.

ஆகவே மாற்றுவதற்கு முன்பே 'என் 100 யூரோவுக்குக் கையில் எவ்வளவு வரும்' என்று கேட்டு, எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் கடிகாரம் பார்க்கப் போகாதீர்கள், நேரே கடைக்குத் திரும்புங்கள். பெரும்பாலான இடங்களில் அட்டையே போதும். பணம் வேண்டுமென்றால் வங்கியின் ஏடிஎம்மில் எடுங்கள். அது உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா என்று கேட்கும்போது கொருனாவையே அழுத்துங்கள்.