ரீஃபில் வாஷ் பாட்டில் வாங்குறவங்க கவனத்துக்கு: என் பேட்டன் டாங்க்குக்கு நடந்தது

ஸ்கேல் மாடல் பண்றவங்க, அதுலயும் டாங்க், டயரமா (ஒரு காட்சியையே குட்டியா அமைக்கறது) பண்றவங்க தயவுசெஞ்சு இதை முழுசா படிங்க. வெளிநாட்டு கம்பெனி எனாமல் வாஷை (மாடல் மேல பூசி இடுக்குல நிழல், அழுக்கு மாதிரி தெரிய வைக்கிற நீர்த்த கலர்) பெரிய பாட்டில்ல இருந்து பிரிச்சு சின்ன டிராப்பர் பாட்டில்ல ஊத்தி இன்ஸ்டாகிராம்லயும் வாட்ஸாப் குரூப்லயும் விக்கிறாங்கல்ல, அப்படி ஒருத்தர்கிட்ட நான் வாங்குன பாட்டில்ல இருந்தது வாஷே கிடையாது. பெயிண்ட் கடையில கிடைக்கிற என்.சி. தின்னர் மாதிரி ஒரு காட்டமான சரக்குல பிரவுன் கலர் கலந்து கொடுத்திருக்காங்க. அது என் மாடலோட பெயிண்டை மட்டும் இல்ல, பிளாஸ்டிக்கையே தின்னுடுச்சு. பேர் போட முடியாது, கேஸ் போய்ட்டு இருக்கு. ஆனா இந்த மாதிரி விக்கிறவர் அவர் ஒருத்தர் மட்டும் இல்லங்கறதால எப்படி நடந்துச்சுன்னு விவரமா எழுதுறேன்.

நான் டயரமாவா பண்ணிட்டு இருந்தது 1965 இந்தியா-பாகிஸ்தான் போர்ல வந்த அசல் உத்தர் சண்டை. பஞ்சாப்ல கேம்கரண் பக்கத்துல செப்டம்பர் 8-ல இருந்து 10 வரைக்கும் நடந்தது. பாகிஸ்தானோட 1-வது ஆர்மர்ட் டிவிஷன் அமெரிக்கா கொடுத்த பேட்டன் டாங்க்கோட உள்ள வர்றாங்க, நம்ம ஆளுங்க ராத்திரியோட ராத்திரியா வயல்ல தண்ணிய திறந்து விட்டுட்டு கரும்புத் தோட்டத்துக்குள்ள நம்ம சென்சூரியன் டாங்க்கை மறைச்சு வச்சு காத்துட்டு இருக்காங்க, வந்த பேட்டன் சேத்துல சிக்கி நகர முடியாம நிக்குது. நம்ம ராணுவ வீரர் அப்துல் ஹமீது ஜீப்ல வச்ச 106 மி.மீ. ரீகாயில்லெஸ் கன்னால டாங்க்கை அடிச்சு 10-ம் தேதி வீரமரணம் அடைஞ்சது இங்கதான், பரம் வீர் சக்ரா கொடுத்தாங்க. பிடிச்ச டாங்க் எல்லாத்தையும் பிக்கிவிண்ட் பக்கத்துல கொண்டாந்து நிறுத்துனதுல அந்த இடத்துக்கே பேட்டன் நகர்னு பேர் வந்துச்சு. சின்ன வயசுல எங்க தாத்தா இந்தக் கதைய சொல்லி சொல்லி எனக்கு மனப்பாடம், அதனால என்னிக்காவது இதைப் பண்ணியே ஆகணும்னு வச்சிருந்தேன்.

35-ல ஒண்ணு அளவுல எம்47 பேட்டன் கிட். குழலோட சேர்த்தா 24 சென்டிமீட்டர் வரும். பேட்டன்லயே இன்னொரு வகையான எம்48 எடுக்காம எம்47 எடுத்ததுக்குக் காரணம் அதோட மூஞ்சி, டரட் (மேல சுத்துற பீரங்கிக் கூண்டு) முன்னாடி கூரா நீண்டு போற அந்த அமைப்பும், கடைசி வீலுக்கும் ட்ராக்கை ஓட்டற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவுல இருக்கற அந்தக் குட்டி டென்ஷன் வீலும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அகமத்நகர் டாங்க் மியூசியத்துல பேட்டனைக் கிட்டக்க நின்னு பார்த்து போட்டோ எடுத்து வச்சிருந்தேன். வார்ப்பு எஃகோட சொரசொரப்பு டரட்ல எப்படி இருக்கு, வெல்டிங் கோடு எங்க போகுது எல்லாம் அதுல இருந்துதான் எடுத்தேன். அந்தச் சொரசொரப்பைக் கொண்டு வர்றதுக்கு புட்டிய (இடைவெளி அடைக்கிற பேஸ்ட்) தின்னர்ல கரைச்சு பழைய பிரஷ்ஷால குத்திக் குத்தி வைக்கணும், பண்ணவங்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பொறுமையான வேலைன்னு.

கலர் அடிச்சது டாமியா எக்ஸ்எஃப்-62 ஆலிவ் டிராப். மேல கிளாஸ் கிளியர் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு), அதுக்கு மேல நம்பர் டிகால் (ஒட்டற மெல்லிசான படம்), திரும்ப ஒரு கிளியர் கோட். வெதரிங்ல, அதாவது மாடலை அழுக்கா பழசா காட்டற வேலையில, நான் ஒண்ணுல உறுதியா இருந்தேன், துருவை அள்ளிக் கொட்டக் கூடாது. நிறைய பேர் எந்த டாங்க்கா இருந்தாலும் ஆரஞ்சு கலர் துருவை மேல இருந்து கீழ வரைக்கும் இழுத்து விட்டுடறாங்க. சண்டை நடந்ததே ரெண்டு மூணு நாள், அதுக்குள்ள நல்லா இருந்த டாங்க் அவ்வளவு துரு பிடிக்காது. ஃபெண்டர் மேல இருக்கற சைலன்சர்லயும் ட்ராக்லயும் இருக்கலாம், மத்தபடி அந்த டாங்க்குல இருக்க வேண்டியது சேறு, ஈரச் சேறு காய்ஞ்ச சேறுன்னு ரெண்டு மூணு பதத்துல சேறு. அதனால வாஷ்தான் இதுல முக்கியமான கட்டம், போல்ட்டைச் சுத்தி, வெல்டிங் கோட்டு ஓரம், ஹேட்ச் (மேல் மூடி) கீல்ல எல்லாம் அந்த டார்க் பிரவுன் ஓடி உக்காந்தாதான் மாடலுக்கு ஆழம் வரும்.

இங்க புதுசா வர்றவங்களுக்காக ஒரு விஷயம் சொல்லிடறேன், ஏன்னா ஏமாத்து வேலை நடந்ததே இந்த இடத்துலதான். எனாமல் வாஷ்ங்கறது ஒயிட் ஸ்பிரிட்ல கரைச்ச கலர். ஒயிட் ஸ்பிரிட், நம்ம பெயிண்ட் கடையில எம்.டி.ஓ., மினரல் டர்ப்பண்டைன்னு கொடுக்கறாங்களே அதே குடும்பம், காய்ஞ்ச அக்ரிலிக்கைக் கரைக்காது. அதனாலதான் அக்ரிலிக் மேல எனாமல் வாஷைப் போட்டுட்டு தப்பான இடத்துல ஓடுனதை அதே டர்ப்பண்டைன் தொட்ட பிரஷ்ஷால துடைச்சு எடுக்க முடியுது, அடியில இருக்கற கலர் அப்படியே நிக்கும். என்.சி. தின்னர் அப்படி இல்ல. டொலுயீன், எஸ்டர், கீட்டோன் வகை கெமிக்கல் எல்லாம் கலந்தது, அக்ரிலிக் பெயிண்டையும் கரைக்கும், கிட் செஞ்சிருக்கற பாலிஸ்டைரீனையும் கரைக்கும். விலை ரொம்பக் கம்மி, எந்த ஊர்லயும் லிட்டர் கணக்குல கிடைக்கும்.

இப்ப வாங்குன கதை. முதல் தடவை அவர்கிட்ட வாங்குன பாட்டில் சுத்தமான ஒரிஜினல். அதை கிட்ல மிஞ்சுன ஸ்ப்ரூ (பாகங்களைப் பிடிச்சிருக்கற பிளாஸ்டிக் சட்டம்) துண்டுல போட்டு டெஸ்ட் பண்ணி, இதே டயரமாவுல வர்ற அப்துல் ஹமீது ஜீப் மாடல் மேலயும் போட்டேன், அருமையா உக்காந்துச்சு. ஜீப்புக்கும் டாங்க்குக்கும் ஒரே கிளியர் கோட், ஒரே பாட்டில்ல இருந்து அடிச்சது, இதை ஞாபகம் வச்சுக்கோங்க. பேட்டனுக்குப் பத்தாதுன்னு அதே ஆள்கிட்ட அதே ஐட்டம் 15 மில்லி பாட்டில் ரெண்டு திரும்ப ஆர்டர் பண்ணேன். அதே மாதிரி பாட்டில், அதே மாதிரி கையால எழுதுன ஸ்டிக்கர்.

டரட்ல ஆரம்பிச்சேன். முதல்ல ஒண்ணும் தெரியல, நல்லா ஓடுச்சு, கொஞ்ச நேரத்துல பளபளப்பு செத்துப் போய், பெயிண்ட் அப்பளம் பொரியுற மாதிரி சுருங்கி எழும்ப ஆரம்பிச்சுது. காட்டன் பட்ல ஒத்தி எடுக்கலாம்னு வச்சா ஆலிவ் டிராப்பும் பிரைமரும் சேர்ந்து பட்டோட வருது, அடியில பிளாஸ்டிக் பிசுபிசுன்னு இருக்கு. நான் குத்திக் குத்தி வச்ச வார்ப்புச் சொரசொரப்பு அப்படியே வழவழன்னு கரைஞ்சு போச்சு, நம்பர் டிகால் கூழா ஆயிடுச்சு, ஹேட்ச் பக்கத்துல இருந்த மெல்லிசான கைப்பிடிங்க வளைஞ்சு விழுந்துடுச்சு. ரூம் முழுக்க நெயில் பாலிஷ் ரிமூவர் வாசம், எங்க அம்மா அடுத்த ரூம்ல இருந்து என்னடா நாத்தம்னு எழுந்து வந்துட்டாங்க.

போட்டோ வீடியோ எல்லாம் அனுப்பினேன். அவர் சொன்ன முதல் பதில், "உங்க வார்னிஷ் சரியா காயலை ப்ரோ." வார்னிஷ்னா நான் அடிச்ச அந்தக் கிளியர் கோட். ஜீப் போட்டோவை அனுப்பி அதே வார்னிஷ்தானே ப்ரோ, உங்க முதல் பாட்டில்தானே இதுல போட்டதுன்னு கேட்டேன். "அப்ப நீங்க ரொம்ப நிறைய போட்டிருப்பீங்க, வாஷை லைட்டா போடணும் ப்ரோ, பிகினர்ஸ் பண்ற தப்பு." சரின்னு பெயிண்டே அடிக்காத ஸ்ப்ரூ துண்டு ரெண்டு எடுத்து, ஒண்ணுல முதல் பாட்டில்ல மிச்சம் இருந்த வாஷ் ஒரு சொட்டு, இன்னொண்ணுல புது பாட்டில் ஒரு சொட்டு விட்டு வீடியோ எடுத்தேன். பழசு அப்படியே நிக்குது, துடைச்சா பிளாஸ்டிக் பளிச்சுனு இருக்கு. புதுசுல பிளாஸ்டிக் இளகி பல்குச்சி குத்துனா தடம் பதியுது. கூடவே தெருமுனை பெயிண்ட் கடையில என்.சி. தின்னர் வாங்கி மூணாவது துண்டுல விட்டேன், புது பாட்டில் எப்படி ஆச்சோ அச்சு அசல் அதே மாதிரி, வாசமும் அதேதான். அந்த வீடியோ போனதுக்கு அப்புறம் ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல, அப்புறம் என்னை பிளாக் பண்ணிட்டாரு, குரூப்ல இருந்தும் எடுத்துட்டாரு. எனக்கு ரெண்டு பாட்டில் காசு பெரிசில்ல. பிகினர் தப்புன்னு சொல்லி வாயை அடைக்கப் பார்த்தாரு பாருங்க, அதுதான் தாங்க முடியல. உண்மையிலேயே புதுசா வந்த ஒரு காலேஜ் பையனா இருந்தா அதை நம்பிட்டு நமக்கு இந்த ஹாபி வராதுன்னு கிட்டை மூட்டை கட்டி வச்சிருப்பான்.

இந்த ரீஃபில் வியாபாரம் ஏன் ஓடுதுன்னா எனாமல், தின்னர் எல்லாம் தீப்பிடிக்கிற சரக்கு, விமானத்துல சாதாரண பார்சலா அனுப்ப விட மாட்டாங்க. அதனால வெளிநாட்டுல இருந்து நாமளே தருவிக்கறது கஷ்டம், இங்க இறக்குமதி பண்ற கடைங்க கொஞ்சம்தான், அங்கயும் நமக்கு வேணுங்கற கலர் எப்பவும் ஸ்டாக் இல்ல. மாடல் கட்டுற ஒருத்தருக்கு ஒரு கலர்ல 35 மில்லி பாட்டில் வருஷக்கணக்குல வரும், அதனால சின்ன பாட்டில் கிடைச்சா நல்லதுதானேன்னு எல்லாரும் நினைக்கறோம், நினைக்கறது நியாயம்தான். நேர்மையா பிரிச்சு விக்கிறவங்களும் இருக்காங்க, அவங்க ஒரிஜினல் பாட்டில் சீலை உடைச்சு ஊத்தறதை வீடியோல காட்டுவாங்க.

ஆனா நீங்க யார்கிட்ட வாங்குனாலும், எத்தனை தடவை வாங்குன ஆளா இருந்தாலும், ஒவ்வொரு பாட்டிலையும் தனித்தனியா ஸ்ப்ரூல டெஸ்ட் பண்ணுங்க. ஒரு சொட்டு விட்டு பத்து நிமிஷம் கழிச்சு நகத்தால அழுத்திப் பாருங்க, பிசுபிசுத்தாலோ தடம் விழுந்தாலோ அது மாடல் பக்கமே போகக் கூடாது. மோந்து பார்த்து கண்டுபிடிக்கலாம்னு சிலர் சொல்றாங்க, வேணாம், அந்த ஆவி உடம்புக்கு நல்லதில்ல, அதோட மணம் கம்மியான சரக்கும் பிளாஸ்டிக்கைக் கரைக்கலாம். பார்சல் பிரிக்கும்போது கூரியர் கவர்ல இருந்தே வீடியோ எடுங்க. கவரைத் தூக்கிப் போடாதீங்க, இந்த ஆளுங்ககிட்ட கடைப் பேரு பில்லு எதுவும் இருக்காது, அனுப்புனவர் அட்ரஸ் கிடைக்கிற ஒரே இடம் அந்த லேபிள்தான். எனக்கும் அதுலதான் கிடைச்சுது. இறக்குமதி சரக்கை பேக் பண்ணி வித்தா பேக் பண்ணவர் இல்லன்னா இறக்குமதி பண்ணவர் பேரு, விலாசம், அளவு, அதிகபட்ச விலை, புகாருக்கான நம்பர் எல்லாம் லேபிள்ல இருக்கணும்னு 2011 பேக்கேஜ்டு கமாடிட்டீஸ் விதி சொல்லுது. வெறும் கையெழுத்து ஸ்டிக்கரைக் கேள்வி கேக்க நமக்கு உரிமை இருக்கு.

1915 நம்பர்ல தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிஞ்சேன். அவங்க பேசித் தீர்க்கத்தான் பார்ப்பாங்க, எதிர்ல பதிவு பண்ண கம்பெனியே இல்லாதப்ப அது பெரிசா நகரல. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போட்டிருக்கேன். 2019 சட்டப்படி வித்தவர் ஊருக்குப் போக வேண்டியதில்ல, நாம குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், கொடுத்த காசு 5 லட்சம் வரைக்கும் இருந்தா ஃபீஸ் கிடையாது, பிரச்சனை நடந்ததுல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், ஆன்லைன்லயே தாக்கல் பண்ணலாம். யு.பி.ஐ. ரசீது, சாட் ஸ்கிரீன்ஷாட், ஸ்ப்ரூ வீடியோ, கூரியர் லேபிள் எல்லாம் சேர்த்து வச்சிருக்கேன். பிளாக் பண்ணா சாட் அழிஞ்சுடாது, ஆனா பேக்கப் இல்லாம போன் மாத்துனா போயிடலாம், அன்னிக்கே எக்ஸ்போர்ட் பண்ணி வச்சுக்கோங்க.

டாங்க்கோட நிலைமை கேக்கறவங்களுக்கு, ஹல் (டாங்க்கோட அடி உடம்பு) தப்பிச்சுது, டரட்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல ஊற வச்சு மிச்ச பெயிண்டை எடுத்துட்டு தேய்ச்சு திரும்ப புட்டில ஆரம்பிச்சிருக்கேன். ஐ.பி.ஏ. டாமியா அக்ரிலிக்கை எடுக்கும், பாலிஸ்டைரீனை ஒண்ணும் பண்ணாது, உங்களுக்கும் இப்படி ஆச்சுன்னா தின்னர் வச்சுத் தேய்க்காம இதை முயற்சி பண்ணுங்க. பிளாஸ்டிக் இளகியிருந்தா உடனே கையை வைக்காம ஒரு வாரம் அப்படியே விட்டுடுங்க, உள்ள போன தின்னர் முழுசா ஆவியாகி திரும்ப இறுகினதுக்கு அப்புறம்தான் உப்புத்தாள் போடணும், முன்னாடியே தேய்ச்சா பிசின் மாதிரி இழுத்துட்டு வரும்.

இதே மாதிரி கையெழுத்து ஸ்டிக்கர் ஒட்டுன பாட்டில் யார்கிட்டயாவது இருந்தா சிங்க்ல ஊத்தாதீங்க, மூடிய டைட்டா மூடி அடுப்பு, விளக்கு பக்கம் இல்லாம, குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க. ஏற்கனவே வீட்டுல தலைவலி, கண் எரிச்சல் இருந்தா அந்த ரூம் ஜன்னலைத் திறந்து வச்சுட்டு வெளிய வந்துடுங்க, சரியாகலன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க. ஸ்ப்ரூ டெஸ்ட் பண்ணி இளகுச்சுன்னா வீடியோவோட எனக்கு இன்பாக்ஸ்ல அனுப்புங்க, ஒரே ஆள் வித்ததா இருந்தா ஆணையத்துல சேர்ந்து போட முடியுமான்னு வக்கீல்கிட்ட கேட்டுட்டு இருக்கேன்.