சுங்கை சிப்புட்டில் ஒரு வாழையிலைக் கடை: மிச்சமும் மிகுதியும்

மலேசியாவில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில் பழைய சாலையில் போகிறவர்கள் சுங்கை சிப்புட்டில் சாப்பிட என்ன இருக்கப்போகிறது என்று வண்டியை நிறுத்தாமல் போய்விடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சந்தைக்குப் பின்னால், பழைய கடைவீட்டு வரிசையின் கடைசியில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துவிட்டது. ஊரில் எல்லாருக்கும் அது அக்கா கடை.

சனிக்கிழமை பிரத்தியேக வகுப்பு முடிந்ததும் நான் போய் உட்காரும் இடம் அது. இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். அதனால் சோற்றைப் பற்றிச் சொல்லும்போதே சொல்லைப் பற்றியும் சொல்வேன். இந்தக் கடையில் இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டிலிருந்து தொடங்குகிறேன். புழுங்கல் அரிசியா, வெள்ளைச் சோறா என்று கேட்டுப் போடுவார்கள். புழுங்கலையே கேளுங்கள். மூன்று காய்: ஒரு கீரை, ஒரு பொரியல், மூன்றாவதாகப் பெரும்பாலும் பாகற்காய் வறுவல். பாகற்காயை அரிசி மாவு தூவி மொறுமொறுவென்று பொரித்திருப்பார்கள். கசப்பு அடி நாக்கில் மட்டும் நிற்கும். அப்பளம், மோர் மிளகாய், எலுமிச்சை ஊறுகாய். சாம்பார், கோழிக் குழம்பு, மீன் குழம்பு மூன்றும் வாளியில் வரும். ரசம் தனியாக டம்ளரில். சைவச் சாப்பாடு 9 வெள்ளி (ரிங்கிட்). கோழிப் பிரட்டல் சேர்த்தால் 14, ஆட்டுக்கறி என்றால் 18. மீன் குழம்பில் புளியும் வெந்தயமும் சரியாக நிற்கின்றன. தேங்காய்ப்பாலைக் கொட்டிக் காரத்தை மறைக்கும் வேலை இல்லை. என்னைக் கேட்டால் பேராக் மாநிலத்திலேயே நல்ல மீன் குழம்பு இதுதான் என்பேன்.

இலையில் முதலில் விழும் சோறு ஒரு கரண்டிதான். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பதுண்டு. பொறுத்திருந்தால் தெரியும். அந்தக் கரண்டி முடிவதற்குள் பரிமாறும் தம்பி பக்கத்தில் நிற்பான். "போடவா டீச்சர்?" நீங்கள் தலையாட்டினால் இன்னொரு கரண்டி. குழம்பும் அப்படித்தான். எத்தனை முறை கேட்டாலும் முகம் கோணாது, காசும் ஏறாது. கேட்டால் இல்லை என்பதில்லை, கேட்காமல் கொட்டுவதுமில்லை.

இதை நான் பெரிதாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. வேறு பல இடங்களில், மலைபோல் சோற்றைக் குவிப்பதுதான் தாராளம் என்று நினைக்கிறார்கள். பாதி இலை குப்பைக்குப் போகிறது. குறளில் வண்டி அச்சு முறிகிற இடம் நினைவிருக்கும்: 'பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்.' ஏற்றியது மயிலிறகுதான், ஆனாலும் அச்சு முறிகிறது. 'மிகுத்து' என்றாலே அதிகம். அதன்மேல் 'சால' என்று இன்னொன்றையும் ஏற்றி வைக்கிறார் வள்ளுவர். அக்கா பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர் அல்லர். ஆனால் அந்த அச்சு எங்கே முறியும் என்பது அவர் கைக்குத் தெரியும்.

தமிழில் அதிகத்தைச் சொல்ல எத்தனையோ சொற்கள் உண்டு. 'மிகு' என்ற ஒரே வேரிலிருந்து வந்த சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் இந்தக் கடையில் ஒரு மதியத்துக்குள் முக்கால்வாசி காதில் விழுந்துவிடும். கல்லாவில் பணம் கொடுத்தால், "மிச்சம் இந்தாங்க டீச்சர்" என்று சில்லறை வரும். தமிழ்நாட்டில் இதைப் பாக்கி என்பார்கள். நம் ஊரில் மிச்சம். இலையில் ஒதுக்கி வைத்ததும் மிச்சம். மாதக் கடைசியில் கையில் நின்றதும் மிச்சம். இலையில் நின்றது வீண், கையில் நின்றது சேமிப்பு.

கல்லாவுக்கு மேலே லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் துன் வீ.தி. சம்பந்தன் படம் மாட்டியிருக்கிறது. இந்த ஊரில் பிறந்தவர், இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று, தொழிலாளர்களை லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டு வெளியேற்றிக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்களின் (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்களின்) சந்தாக் காசைச் சேர்த்து அந்தச் சங்கம் தோட்டங்களை வாங்கியது. என் அம்மாவும் அதில் பங்கு வைத்திருந்தார். எங்கள் வீட்டில் 'மிச்சம் பிடிக்கிறது' என்ற பேச்சுக்கு அதனால் ஒரு மரியாதை உண்டு.

பால்மரத்திலேயே மிச்சம் இருக்கிறது. பாலை எடுத்து வாளியில் ஊற்றிக்கொண்டு போன பிறகும் மரம் சொட்டிக்கொண்டுதான் இருக்கும். மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) சொட்டி உறைந்தது கட்டிப்பால். வெட்டிய கோட்டில் நூலாகக் காய்ந்து நிற்பது ஒட்டுப்பால். மறுநாள் விடியலில் முதலில் அதை உரித்துப் பையில் போட்டுக்கொண்டுதான் அம்மா கத்தியை வைப்பார். அதற்கு விலை குறைவு, ஆனால் விலை உண்டு. இப்போது சுற்றிலும் செம்பனை. ஒட்டுப்பால் என்றால் என் மாணவர்களுக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரியும். அவர் அம்மாவும் வெட்டுக்குப் போனவர்.

கடையில் ஒருநாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து ஒரு கூட்டம் வந்திருந்தது. நண்டு தீர்ந்துவிட்டது என்று தம்பி சொன்னதும் அதில் ஒருவர் குரலை உயர்த்தினார். பையனைப் பேசக்கூடாத விதமாகப் பேசினார். கடை முழுக்க அமைதியாகிவிட்டது. பின்மேசையில் இருந்த ஒரு பாட்டி, "ரொம்பத்தான் பண்றான்" என்று முணுமுணுத்தார். தொழிற்சாலையில் மிகைநேர வேலை முடித்து வந்திருந்த பிள்ளைகள் (அவர்கள் வாயில் அது 'ஓட்டி') "ஓவரா பண்றாரு" என்றார்கள். வாசலில் பொட்டலத்துக்குக் காத்திருந்த மலாய்க்கார அண்ணன் தன் மொழியில் "ஜாங்ஙான் லெபே-லெபே" என்றார். மூன்று பேர் சொன்னதும் ஒன்றுதான்: அளவைத் தாண்டுகிறாய். ரொம்ப என்பது 'நிரம்ப' என்ற சொல்லின் தேய்வு. நிரம்பி வழிவதைத்தான் பாட்டி சொன்னார். ஓவரும் லெபேயும் 'அதிகம்' என்பதற்கான சொற்கள். அதிகம் என்ற சொல் எப்படித் திமிரைக் குறிக்கிறது பாருங்கள். வள்ளுவரிடமே இது இருக்கிறது. 'மிகுதியான் மிக்கவை செய்தாரைத் தாந்தம் தகுதியான் வென்று விடல்.' இந்த 'மிகுதி'க்குச் செருக்கு என்றுதான் உரை. படிவம் நான்கு பிள்ளைகளுக்கு இந்தக் குறளை நடத்தும்போது, செருக்கை ஏன் மிகுதி என்றார் என்று கேட்பார்கள். 'ரொம்பப் பண்றான்' என்று நீங்கள் சொல்வதில்லையா என்று கேட்டால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

அக்கா அடுப்படியிலிருந்து வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "தம்பி சின்னப் பையன் ஐயா, கோபத்தை என்கிட்ட காட்டுங்க. நண்டு இல்ல, மீன் வறுத்துத் தரேன், உட்காருங்க" என்றார். குரல் ஏறவில்லை, கெஞ்சவும் இல்லை. அந்த மனிதர் உட்கார்ந்தார். சாப்பிட்டுவிட்டுப் போகும்போது பையனின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தகுதியால் வெல்வது என்றால் என்ன என்று நான் அன்று நேரில் பார்த்தேன்.

குறைகளையும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கடை நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆட்டுக்கறிப் பிரட்டலில் கிராம்பும் பட்டையும் தூக்கலாக இருக்கின்றன. கறியின் வாசனையையே அது அமுக்கிவிடுகிறது. ஒரு நூலுக்கு ஆகாதவை என்று நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'மிகைபடக் கூறல்' ஒன்று. சமையலுக்கும் அது பொருந்தும். எண்ணெயும் கூடுதல். ரசம் சில நாள் உப்பு மிஞ்சி வருகிறது. மின்விசிறிகள் போதாது, மதியம் ஒரு மணிக்கு உள்ளே உட்கார்ந்தால் சட்டை நனைந்துவிடும். வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அரிது, சந்தைப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வருவது நல்லது.

இன்னொன்று, ஆசிரியை என்ற முறையில். சுவரில் இருக்கும் கரும்பலகையில் 'கோழி குழம்பு' என்று எழுதியிருக்கிறார்கள். கோழிக் குழம்பு என்று ஒரு 'க்' மிக வேண்டும். கோழியால் ஆன குழம்பு என்று பொருள் விரியும்போது அங்கே வலி (வல்லின எழுத்து) மிகும். பக்கத்திலேயே 'மீன் குழம்பு' என்று இருப்பது சரி, அங்கே மிகாது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வலிமிகும் இடங்கள், வலிமிகா இடங்கள் என்று படிப்பதும் இந்த 'மிகு'தான். நூலில் மிகை குற்றம். புணர்ச்சியில் மிக வேண்டிய இடத்தில் மிகாவிட்டால் குற்றம். அக்காவிடம் சொன்னேன். அடுத்த வாரம் பலகையைத் திருத்தித் தர என்னிடமே சுண்ணக்கட்டி கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இலையை மடித்துவிட்டு எழுந்தால் கல்லாவில் ஒரு சின்னக் கிண்ணத்தில் பாயசம் தருவார்கள். பட்டியலில் இல்லாதது, கணக்கில் வராதது. கொசுறு. காய் வாங்கினால் கறிவேப்பிலை கொடுப்பது போன பழக்கமாகிவிட்டது. இங்கே அது ஜவ்வரிசிப் பாயசமாக மீந்திருக்கிறது. அங்கே அடிக்கடி பார்க்கும் ஒரு பெரியவர், தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த யாழ்ப்பாணத்தார் வீட்டுப் பிள்ளை, பாயசத்தை வாங்கிக்கொண்டு "மெத்தப் பெரிய உபகாரம்" என்பார். நன்றிக்கு முன்னால் 'மெத்த' என்று அதிகத்தை வைக்கும் அந்தப் பேச்சைக் கேட்கவே நான் அவருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்ததுண்டு.

மூன்று மணிக்கு மேல் கடை இறங்கிவிடும். மிஞ்சிய சோற்றையும் காயையும் பொட்டலம் கட்டி வாசல் மேசையில் வைக்கிறார்கள், ஒன்று 3 வெள்ளி. பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகள், கூலி வேலைக்குப் போகும் வங்காளதேசிகள், தனியாக இருக்கும் முதியவர்கள் வந்து எடுக்கிறார்கள். காசு வைக்காமல் எடுப்பவரை யாரும் கேட்பதில்லை. அதன் பிறகுதான் அக்காவும் வேலையாட்களும் பின்கட்டில் இலை போட்டு உட்காருகிறார்கள். விருந்தினர் உண்ட பிறகு மீந்ததைத் தான் உண்கிறவனைப் பற்றி வள்ளுவர், அவன் நிலத்துக்கு விதைகூடப் போட வேண்டுமா என்று கேட்கிறார். அங்கே மீந்த உணவுக்கு அவர் வைத்த சொல் 'மிச்சில்'. 'மிச்சில் மிசைவான் புலம்.' எச்சில் என்றால் முகம் சுளிப்போம். மிச்சில் அப்படியல்ல, அது விருந்தோம்பியவனின் பங்கு. வழக்கிலிருந்து போய்விட்ட இந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்கு விளக்க நான் இப்போது அகராதியைத் திறப்பதில்லை. மூன்றரை மணிக்கு அக்கா கடைப் பின்கட்டில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை விடுமுறை. வெள்ளிக்கிழமை முழுக்கச் சைவம், அன்றைக்கு மோர்க் குழம்பு உண்டு, தவறவிட வேண்டாம். பன்னிரண்டரைக்கு முன் போனால் இடம் கிடைக்கும். நண்டு வேண்டுமென்றால் காலையிலேயே சொல்லி வையுங்கள். ஆட்டுக்கறிக்குப் பதில் கோழிப் பிரட்டல் எடுங்கள். கட்டிக்கொண்டு போவதானால் அப்பளத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் குழம்பில் ஊறிவிடும்.