டிடி ஃப்ரீ டிஷ்: ஸ்ட்ரெங்த்தை நம்பாதீர்கள், குவாலிட்டியைப் பாருங்கள்

அப்பாவுக்காக டிடி ஃப்ரீ டிஷ், அதாவது தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை, மாட்டி ஒன்றரை வருஷம் ஆகிறது. மாதச் சந்தா கிடையாது. பெட்டி, டிஷ், எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் உருப்படி), வயர் எல்லாம் சேர்த்து எனக்கு 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் ப்ளஸ் என்ற பெயரில் வந்த அதே சேவைதான். அவருக்கு வேண்டியது செய்தியும் கிரிக்கெட்டும், இந்திய அணி ஆடும் ஒருநாள் ஆட்டங்கள் டிடி ஸ்போர்ட்ஸில் வந்துவிடுகின்றன, ஆகாசவாணியும் அதிலேயே கேட்கிறது, மனுஷர் சந்தோஷமாக இருக்கிறார்.

ஆனால் தமிழ் சேனல்கள் குறைவு. டிடி தமிழ், அதாவது நம் பழைய பொதிகை, வருகிறது. மற்றபடி பெரும்பாலும் இந்திதான். சீரியல் பார்க்கிற வீட்டில் இதை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியாது.

முதல் மூன்று மாதம் பட்ட பாடு தனி. மாட்ட வந்தவர் ஸ்ட்ரெங்த் 85 காட்டுகிறது, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார், லேசாகத் தூறினாலே படம் கட்டம் கட்டமாக உடைந்தது. மெனுவில் இரண்டு கோடுகள் இருக்கும் இல்லையா, அதில் ஸ்ட்ரெங்த் என்பது எல்என்பி உயிரோடு இருக்கிறது, வயர் வழியாக ஏதோ வருகிறது என்பதைத்தான் சொல்லும், டிஷ் தப்பான பக்கம் பார்த்தாலும் அது ஏறித்தான் நிற்கும். நமக்கு முக்கியம் குவாலிட்டி, அதாவது வேண்டிய சிக்னல் எவ்வளவு சுத்தமாக வருகிறது என்பது. எங்கள் வீட்டில் அது வெறும் 30.

செயற்கைக்கோள் ஜிசாட்-15, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், நல்ல உயரத்தில், அதனால் டிஷ் நன்றாக மல்லாந்த மாதிரிதான் இருக்கும், பயப்பட வேண்டாம். நட்டை முழுதாகக் கழற்றாமல் கொஞ்சம் தளர்த்தி, விரற்கடை அளவு நகர்த்தி, இரண்டு மூன்று விநாடி பொறுக்க வேண்டும், பெட்டி அளவைக் காட்ட அவ்வளவு நேரம் எடுக்கும். நான் மாடியில், தம்பி கீழே டிவி முன்னால் போனோடு. கடைசியில் எல்என்பியைப் பிடிப்புக்குள்ளேயே லேசாகத் திருகினேன், குவாலிட்டி 70க்கு வந்தது.

அப்புறம் ஐப்பசி மழையில் மறுபடி தொல்லை. இந்தத் தடவை கனெக்டர்: கழற்றினால் உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்துக் கறுத்திருந்தது. அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புதுசு போட்டேன், எல்என்பிக்குக் கீழே வயரைத் தொங்கலாக வளைத்துவிட்டேன், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இதைத் தொடுவதற்கு முன்னால் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், வயரில் 13 முதல் 18 வோல்ட் வரை ஓடுகிறது, ஷார்ட் ஆனால் பெட்டி போய்விடும். கொட்டு மழையில் படம் போவதற்கு மட்டும் வைத்தியம் இல்லை, இந்த டிஷ்களுக்கு வரும் கேயு பேண்ட் அலைவரிசைச் சிக்னல் அப்படித்தான், மழை விட்டதும் தானே வந்துவிடும்.

வாங்குகிறவர்கள் எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புது முறை) பெட்டியாகவே கேட்டு வாங்குங்கள், பழைய எம்பெக்-2 பெட்டியில் எல்லாச் சேனலும் வராது. சில டிவிகளுக்குள்ளேயே சாட்டிலைட் ட்யூனர் இருக்கிறது, பின்னால் மரையுள்ள தனி சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் பெட்டிச் செலவும் மிச்சம். மொட்டைமாடியில் பழைய டிடிஎச் டிஷ் சும்மா கிடந்தால் திசை திருப்பி அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த சேனல் காணாமல் போனால் டிஷ்ஷைத் தொடாதீர்கள். தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி இதில் சேனல்களுக்கான இடங்களை ஏலம் விடுவதால் சேனல்கள் மாறுகின்றன, முதலில் ஒரு ஆட்டோ ஸ்கேன் போட்டுப் பாருங்கள்.