கார்பன் கிரெடிட் என்று சொல்லிக் கிராண்டு கேட்டு வந்தால் கொடுக்காதீர்கள்

மலேசியாவில், பேராக் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்கள், மாடு வளர்ப்பவர்கள் எல்லாரும் இதைப் படித்துவிடுங்கள், வீட்டில் கிராண்டு (நிலப் பட்டா) யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமும் சொல்லிவிடுங்கள். "உங்கள் மரம் காற்றைச் சுத்தம் செய்கிறது, அதற்கு வெளிநாட்டுக் கம்பெனி வருடா வருடம் காசு தரும்" என்று ஒரு கூட்டம், அதற்குக் கார்பன் கிரெடிட் (கரியமில வாயுவைக் குறைத்ததற்குத் தரும், விற்கக்கூடிய சான்று) என்று பெயர் சொல்லிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பதிவுக் கட்டணம், டிரோன் அளவைக் கட்டணம் என்று என்னிடம் 3,800 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார்கள். அது போனது போகட்டும். என் ஆறு ஏக்கர் மேல் கேவியட், அதாவது விற்கவோ அடகு வைக்கவோ விடாமல் நிலப் பதிவில் ஏற்றும் தடை, போட்டு வைத்திருக்கிறார்கள், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கூட்டம் நடந்தது கோயில் மண்டபத்தில். வந்தவர் நல்ல தமிழ் பேசினார், முழுக்கைச் சட்டை, பெரியவர்களைக் கண்டால் காலில் விழாத குறை. திரையில் போட்ட படமெல்லாம் ஆஸ்திரேலியா. செம்மண், சாம்பல் நிறப் புதர், நடுவில் நாலு மாடு. குவீன்ஸ்லாந்தில் கன்னமல்லா என்ற ஊர்ப்பக்கம் மாட்டுப் பண்ணைக்காரர்கள் காட்டை வெட்டாமல் விட்டதற்கே அரசாங்கம் அள்ளிக் கொடுக்கிறது, அதே திட்டம் இப்போது நம் நாட்டுக்கும் வந்துவிட்டது, முதலில் சேருகிறவர்களுக்கு ஏக்கருக்கு வருடம் 2,000 வெள்ளி என்றார்.

அதில் பாதி உண்மை, வில்லங்கமே அந்தப் பாதியில்தான். அங்கே விவசாயிகளுக்குக் கார்பன் கிரெடிட் கொடுக்க 2011இல் சட்டம் போட்டார்கள். மல்கா என்று ஒரு வறண்ட நிலத்து மரம். மேய்ச்சலைக் குறைத்து, தானாக முளைக்கும் கன்றை டோசர் விட்டுத் தள்ளாமல் இருந்தால் அது இரண்டு மீட்டர் உயரமும் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு நிழலும் கொடுக்கும் காடாக வளரும் என்று காட்ட வேண்டும். காட்டினால் கிரெடிட். பண்ணை என்றால் ஆயிரக்கணக்கான ஹெக்டர். ஒப்பந்தம் 25 வருடம் அல்லது 100 வருடம், 25 என்று எடுத்தால் கிரெடிட்டில் 20 சதவீதம் வெட்டு. அந்த மாநிலத்தில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தவே 1999இலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. அங்கேயும் தகராறுதான். அந்தத் திட்ட விதிகளைச் சரிபார்க்கும் குழுவுக்கு முன்பு தலைவராக இருந்த பேராசிரியர் ஆண்ட்ரூ மெக்கின்டாஷே 2022இல் கணக்கில் ஓட்டை என்று வெளியே வந்து பேசினார். அப்புறம் அரசாங்கம் இயன் சப் என்பவர் தலைமையில் விசாரணை வைத்தது. வெட்டாமல் விட்டதற்குக் காசு தரும் முறையில் இனிப் புதிதாக யாரையும் சேர்க்க வேண்டாம் என்று அந்தக் குழு சொல்லிவிட்டது. புதர்க்காட்டை வளரவிடும் முறையும் புதியவர்களுக்கு 2023 செப்டம்பரோடு முடிந்துபோனது. நம் ஆள் மண்டபத்தில் படம் காட்டியது அதற்கும் பிறகு.

சரி, நம் நாட்டில் என்ன இருக்கிறது? புர்சா (மலேசியப் பங்குச்சந்தை) கார்பன் சந்தையை 2022 டிசம்பரில் தொடங்கினார்கள், அது உண்மை. அதில் ஏலம் போன முதல் மலேசியத் திட்டம் சபாவின் குவாமுட் மழைக்காடு, 83,381 ஹெக்டர். என் ஆறு ஏக்கரை அதன் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியாது. தணிக்கைச் செலவு நிலத்தின் அளவைப் பார்த்துக் குறையாது, அதனால் சிறு நிலக்காரன் தனியாக நுழையவே முடியாது, பெரிய கூட்டாகத்தான் போக வேண்டும். ஒரு கிரெடிட் என்றால் ஒரு டன் கரியமில வாயு. டன்னுக்கு 50 வெள்ளி என்று வைத்தாலும் ஏக்கருக்கு 2,000 கிடைக்க வருடத்துக்கு 40 டன் வேண்டும், அதாவது ஹெக்டருக்கு நூறு டன். வேகமாக வளரும் நடவுக்காடு கூட ஹெக்டருக்கு நாற்பதைத் தொட்டால் பெரிய விஷயம். அதுவும் புதிதாக நட்டால்தான் பேச்சு. ஏற்கெனவே குலைக்காக நட்ட செம்பனைக்கு எவனும் கிரெடிட் தரமாட்டான், ஏனென்றால் இந்தக் காசு வராவிட்டாலும் அந்த மரம் அங்கே நிற்கத்தான் போகிறது.

பக்கத்து நிலத்து அண்ணனுக்கு நடந்தது வேறு. பழைய ரப்பருக்குப் பின்னால் மேட்டில் கொஞ்சம் காடு விட்டிருந்தார், மாட்டுக்கு நிழல், ஊற்றுக்குப் பாதுகாப்பு. "இதை வெட்டிவிட்டு வேக மரம் நட்டால் இரட்டைக் கிரெடிட்" என்று சொல்லி, அவர்களே ஆள் பிடித்து எஸ்கவேட்டர் விட்டு, ஏக்கருக்கு இவ்வளவு என்று பில்லும் போட்டார்கள். வெட்டிய கட்டையைக் கொளுத்தவும் சொன்னார்களாம், நல்லவேளை அவர் கொளுத்தவில்லை; திறந்தவெளியில் எரித்தால் 1974 சுற்றுச்சூழல் சட்டத்தில் வழக்கு நிலத்துக்காரர் மேல்தான் பாயும். பெரிய வேடிக்கை என்னவென்றால், கார்பன் கிரெடிட்டுக்குச் சான்று தரும் அமைப்புகளில் உலகத்தில் அதிகம் புழங்கும் வெர்ராவின் விதிப்படி, இயற்கைக் காட்டை அழித்த நிலத்தில் பத்து வருடத்துக்குள் மரம் நட்டுக் கிரெடிட் கேட்க முடியாது. எம்.எஸ்.பி.ஓ. என்ற மலேசியச் செம்பனைச் சான்றிதழிலும் 2019 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை அழித்துச் செம்பனை வைத்தால் சிக்கல். வெட்டச் சொன்னவன் அவருக்கு இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான்.

இப்போது அந்தத் தாள். பதினொரு பக்கம், முழுக்க ஆங்கிலம், கடைசிப் பக்கத்தில் முத்திரைத் தீர்வை ஒட்டிக் கச்சிதமாக இருந்தது. "பதிவுப் பாரம்" என்றுதான் எல்லாரிடமும் நீட்டினார்கள். மகளின் சிநேகிதி, வக்கீலிடம் வேலை செய்கிறவள், பிறகு வாசித்துக் காட்டினாள்: நிலத்தில் உள்ள கார்பன் உரிமை முழுவதும் கம்பெனிக்கு, 25 வருடத்துக்கு அவர்கள் எழுத்துமூலம் சம்மதிக்காமல் ஒரு மரத்தையும் வெட்டக் கூடாது, கம்பெனி தன் உரிமையைக் காக்கக் கேவியட் போடலாம். என் மரங்களுக்கு இப்போதே இருபத்து மூன்று வயது. அரிவாள் கம்பு எட்டவில்லை, அறுக்க வருகிற ஆள் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கூலி கூடக் கேட்கிறான். மறுநடவு செய்யாமல் இன்னும் 25 வருடம் என்றால் நிலம் பாழ்.

மறுநடவுக் கடனுக்கு வங்கி கோலகங்சார் நில அலுவலகத்தில் நிலத் தேடல் (பதிவேட்டில் நிலத்தின் விவரம் பார்ப்பது) எடுத்தபோதுதான் கேவியட் வெளியே தெரிந்தது. கேவியட் ஏறினால் நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் போகும். போயிருக்கிறது, கிராண்டில் இருக்கும் முகவரிக்கு. அது அப்பா காலத்து லயத்து முகவரி, அந்த லயத்தை இடித்து எத்தனையோ வருடம் ஆகிறது. நம்மில் பாதிப் பேர் கிராண்டில் இன்னும் தோட்டத்து முகவரிதான் இருக்கும், முதல் வேலையாக அதை மாற்றுங்கள். ஏஜண்டைக் கூப்பிட்டால், "அண்ணே அது சும்மா பாதுகாப்புக்கு, எடுக்க வேண்டும் என்றால் விலகல் கட்டணம் 12,000 கட்டுங்கள்" என்கிறான். தொழிலே இதுதான் என்று அப்போதுதான் விளங்கியது. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்தில், நம் எம்.பி.யாக இருந்த துன் சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிப் பாட்டாளிகளிடம் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார், நிலம் கைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காக. இவர்கள் அதே பாட்டாளி பிள்ளைகளிடம் அதே நிலத்தைக் காட்டி மிரட்டுகிறார்கள்.

கட்டணம் கட்டாதீர்கள். தனியார் கேவியட்டை நில அலுவலகத்தில் பதிந்துகொள்ளும்போது அவர்கள் உரிமை நிஜமா என்று யாரும் விசாரிப்பதில்லை, பாரம் சரியாக இருந்தால் ஏறிவிடும், விட்டால் ஆறு வருடம் கிடக்கும். தேசிய நிலச் சட்டம் 326ஆம் பிரிவில் நீக்கச் சொல்லி நாமே விண்ணப்பிக்கலாம். நோட்டீஸ் போன இரண்டு மாதத்துக்குள் அவர்கள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவரவில்லை என்றால் அது விழுந்துவிடும். காரணமில்லாமல் கேவியட் போட்டவன் நட்டஈடு தர வேண்டும் என்று 329ஆம் பிரிவு சொல்கிறது. நான் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன், போலீஸ் புகாரும் செய்துவிட்டேன். யாராவது வெர்ரா, அதைப்போன்ற இன்னொரு அமைப்பான கோல்ட் ஸ்டாண்டர்ட் என்று பெயர் சொன்னால் திட்ட எண் கேளுங்கள், இரண்டின் பதிவேடும் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். என்னிடம் கொடுத்த எண்ணைப் போட்டால் வேறு நாட்டுத் திட்டம் வருகிறது.

அடுத்த கூட்டம் மாடு வளர்ப்பவர்களுக்காம், மேய்ச்சல் நிலக் கிரெடிட் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். அந்தப் பதினொரு பக்கத் தாளில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் நில அலுவலகத்தில் ஒரு தேடல் எடுத்துப் பாருங்கள், கேவியட் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், எல்லாரும் சேர்ந்து ஒரே வக்கீலிடம் கொடுத்தால் செலவு குறையும்.