வெளியூர் ஆட்டத்துக்கு ரயில் டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொல்பவர்களிடம் கவனம் தேவை

வெளியூர் ஆட்டம் பார்க்க ரயிலில் செல்லும் சென்னையின் எஃப்சி கால்பந்து அணியின் ரசிகர்கள் யாரும் எங்களைப் போல் ஏமாறக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியுடன் நடந்த ஆட்டத்துக்கு நண்பர்கள் ஆறு பேர் புறப்பட்டோம். ரசிகர் வட்டத்தில் பல ஆண்டுகளாகப் பழகிய ஒருவர், எல்லோருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொல்லித் தலைக்கு 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். போகவர ஸ்லீப்பர் கட்டணம் அவ்வளவு ஆகாது என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. தட்காலில் காலை 11 மணிக்கு ஸ்லீப்பர் முன்பதிவு திறந்ததுமே இடங்கள் காலியாகிவிடுவதால், மிகுதித் தொகையை அவருடைய அலைச்சலுக்கான கூலியாகவே கருதிக் கொடுத்தோம். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நம் அணி 3-2 என்று வென்று இரண்டாம் முறையாகக் கோப்பையைக் கைப்பற்றிய இறுதியாட்டத்துக்கு அவரே எங்களுக்குக் குறையின்றி டிக்கெட் எடுத்துத் தந்திருந்தார். அந்த நம்பிக்கைதான் எங்கள் கண்ணை மறைத்தது.

பயணத்துக்கு முந்தைய நாள் அவர் அனுப்பியது டிக்கெட்டின் படம் மட்டுமே. பத்து இலக்க பிஎன்ஆர் எண், எங்கள் பெயர்கள், எஸ்5 பெட்டியில் ஆறு படுக்கை எண்கள் என எல்லாம் அதில் ஒழுங்காக இருந்தன. அந்த எண்ணை ரயில்வே விசாரணை எண்ணான 139-இல் ஒருமுறை சரிபார்த்திருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். ஆறு பேரில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

சென்ட்ரலில் திருவனந்தபுரம் மெயிலில் ஏறியபோது, எங்கள் படுக்கைகளில் பாலக்காடு செல்லும் ஒரு குடும்பம் அமர்ந்திருந்தது. அவர்களிடம் நாங்கள் சற்றுக் குரலை உயர்த்திவிட்டோம், தவறு எங்களுடையதுதான். டிக்கெட் பரிசோதகர் தம் கையிலிருந்த கருவியில் பார்த்துவிட்டு, அந்த பிஎன்ஆர் உண்மையானதே என்றும், ஆனால் ஆறு பேரும் காத்திருப்புப் பட்டியலிலேயே இருந்ததால், பயணிகளின் இறுதிப் பட்டியலான சார்ட் தயாரானதும் டிக்கெட் தானாகவே ரத்தாகிவிட்டது என்றும் விளக்கினார். இணையத்தில் எடுத்த டிக்கெட் அவ்வாறு ரத்தானால் அதை வைத்துப் பயணிக்க முடியாது. டிக்கெட் இல்லாத பயணியாகவே கருதப்படுவோம். கட்டணத்தையும் அபராதத்தையும் வசூலித்துக்கொண்டு, காட்பாடியில் பொதுப்பெட்டிக்கு மாறிக்கொள்ளச் சொன்னார். கோயம்புத்தூர் வரை கழிப்பறை வாசலில் நின்றுகொண்டே போனோம்.

இந்த மோசடியின் சூட்சுமம் பணம் திரும்பும் வழியில் இருக்கிறது. காத்திருப்பு டிக்கெட் ரத்தாகும்போது, சிறு பிடித்தம் போக மீதித் தொகை முன்பதிவு செய்தவர் எதிலிருந்து பணம் கட்டினாரோ அந்தக் கணக்குக்கே திரும்புகிறது. ஆகவே படுக்கை எண்ணைத் திருத்திய ஒரு படத்தை அனுப்பினாலே போதும், எங்கள் பணம் ஏறத்தாழ முழுவதும் அவரிடமே தங்கிவிடும். டிக்கெட்டின் நிலையைத் தெரிவிக்கும் குறுஞ்செய்திகளும் அவருடைய கைபேசிக்கே சென்றிருக்கின்றன.

திரும்பும் டிக்கெட் இன்னும் வேடிக்கையானது. ஆட்டம் இரவு 7.30 மணிக்குத் தொடங்கியது. அவர் குறித்துக் கொடுத்திருந்த மெயிலோ அதற்கு முன்பே கொச்சியில் உள்ள எர்ணாகுளம் டவுன் நிலையத்தைக் கடந்துவிடும் ரயில். கலூர் மைதானத்தில் கேரள ரசிகர்களின் மஞ்சள் சட்டைக் கூட்டத்துக்கு நடுவே ஆட்டத்தை முழுவதுமாகப் பார்த்துவிட்டு, நள்ளிரவுக்குப் பின் கிடைத்த பேருந்தில் கோயம்புத்தூர் வந்து, அங்கிருந்து பகல் ரயிலில் ஊர் திரும்பினோம்.

தொலைபேசியில் கேட்டபோது முதலில் “ரீஃபண்ட் வரட்டும், தருகிறேன்” என்றார். அதன் பிறகு அழைப்பை எடுக்கவேயில்லை. அனுமதியின்றி ரயில் டிக்கெட் விற்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதால் ரயில்வே பாதுகாப்புப் படையிடமும், பணம் இணையவழியில் போனதால் இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணிலும் புகார் கொடுத்திருக்கிறோம். தவிர்க்க முடியாமல் வேறொருவர் மூலம் டிக்கெட் எடுப்பவர்கள், முன்பதிவில் தங்கள் சொந்தக் கைபேசி எண்ணையே கொடுக்கச் சொல்லுங்கள். சார்ட் தயாரானதும் பிஎன்ஆர் நிலையை நீங்களே பாருங்கள்.

பெங்களூரு ஆட்டத்துக்கு இரு வழி டிக்கெட் தலைக்கு 1,200 ரூபாய் என்று அவர் இந்த வாரம் மறுபடியும் செய்தி அனுப்பத் தொடங்கியிருக்கிறார்.