மேக்பெத்தும் பாங்கோவும்: ஒரே குறி, இரண்டு மனங்கள்

ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தில் சூனியக்காரிகள் இரண்டு பேருக்குக் குறி சொல்கிறார்கள். மேக்பெத் அரசனாவான், பாங்கோவின் வம்சம் நாடாளும். இருவருமே போரில் நல்ல பெயர் எடுத்த தளபதிகள்.

பாங்கோவுக்கும் ஆசை உண்டு. அரசன் டங்கன் கொல்லப்படும் ராத்திரி, தூங்கினால் மனதில் வரும் கெட்ட எண்ணங்களைத் தடுத்துவிடும்படி வேண்டிக்கொள்கிறான். அதே ராத்திரி, அதே கோட்டையில், மேக்பெத் காற்றில் தெரியும் கத்தியின் பின்னால் நடக்கிறான். விருந்தாளி, உறவினன், நல்ல அரசன் என்று டங்கனைக் கொல்லக்கூடாத காரணங்களைச் சற்று முன் அடுக்கியவனும் அவனேதான். கொன்ற பிறகு ‘ஆமென்’ என்ற ஒரு சொல் தொண்டையிலேயே சிக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு பதறும் இடம் அது. அப்புறம் தன்னை எதிர்க்கும் பிரபு மெக்டஃபின் மனைவி மக்களைக் கொல்லச் சொல்லும்போது அவனிடம் தயக்கமே இல்லை.

சரி, பாங்கோ முழுக்கச் சுத்தமா? இல்லை. சந்தேகம் வந்தும் வாய் திறக்கவில்லை. தனக்குச் சொன்ன குறியும் பலிக்கும் என்ற நப்பாசை. ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த பழைய வரலாற்று நூலில் அவன் கொலைக்கே உடந்தை. நாடகத்தில் அது இல்லை. காரணத்தை ஊகிக்கலாம்: 1603இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய முதலாம் ஜேம்ஸ், பாங்கோவின் வழிவந்தவராகக் கருதப்பட்டவர்.